சித்தி என்றால் சின்னம்மா இல்லை

சனிக்கிழமை தோறும் பெண்ணை நடன வகுப்பில் கொண்டுபோய் விடுவதும் கூட்டி வருவதும் என் வேலை. பரதநாட்டியம் இல்லை. அதை ஆறாம் வகுப்போடு விட்டாயிற்று (அதற்காக வீட்டில் ஒரு வாரம் போர் நடந்தது, அது தனிக்கதை). இப்போது ஹிப்ஹாப். கோரமங்களாவில் ஒரு மாடி, சுவர் முழுக்கக் கண்ணாடி, மாதம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். நான் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உள்ளே மாஸ்டர் "ஃபைவ், சிக்ஸ், செவன், எயிட்" என்று கத்துவது கீழ்த்தளத்து ஜூஸ் கடை வரை கேட்கும்.

கொஞ்ச நாள் முன்னால் காரில் திரும்பும்போது கேட்டாள். "அப்பா, ஹிப்ஹாப், சல்சா, ஜும்பா எல்லாமே ஆப்பிரிக்காவிலேர்ந்து அடிமையா போனவங்க உண்டாக்கினதாமே? மாஸ்டர் சொன்னார்."

மாஸ்டர் சொன்னது பெரும்பாலும் சரி. ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகச் சொல்லப்படுவது 1973 ஆகஸ்ட் 11. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் நடந்த விருந்து அது. இசைத்தட்டு சுழற்றியவர் ஜமைக்காவில் பிறந்த கூல் ஹெர்க். சல்சாவின் வேர் கியூபாவில் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் தாளத்தில் இருக்கிறது. ஜும்பா மட்டும் கொலம்பியக்காரர் ஒருவர் 1990களில் கட்டிய உடற்பயிற்சி. ஆனால் அதன் அடியில் ஓடும் கும்பியா, சல்சா தாளங்கள் அதே வழியில் வந்தவைதான்.

"அவ்வளவு தூரம் எதுக்கும்மா போகணும்? நம்ம கர்நாடகாவிலயே ஆப்பிரிக்காவிலேர்ந்து வந்தவங்க இருக்காங்க. அவங்களுக்கும் ஆட்டம் இருக்கு" என்றேன். ஏதோ நான் அள்ளிவிடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் இருந்து இதை வாசிக்கிறவர்களில் பலருக்கும் அப்படித்தான் தோன்றும் என்பதால் இந்தப் பதிவு.

பெங்களூருக்கு மாற்றலாகி வருவதற்கு முன்னால் ஹளியாள் தாலுகாவில் ஒரு கிளையில் இரண்டு வருஷம் இருந்தேன். கிராமச் சேவை செய்தால்தான் அடுத்த பதவி உயர்வு என்ற விதி. திருநெல்வேலிக்காரனுக்கு அது கண்காணாத காடு. பெங்களூரிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல், தார்வாடுக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலை தொடங்கும் இடம். சேர்ந்த முதல் வாரத்தில் அம்மாவுக்குப் போன் போட்டு, "இங்க சித்திங்க நிறைய பேர் இருக்காங்கம்மா, குழுக் கடனுக்கு வர்றாங்க" என்றேன். எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "யாருக்குடா சித்தி?" என்றாள். ராதிகாவின் சீரியல் முடிந்து பல வருஷம் ஆகியும் எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கிடையாது :-)

இந்தச் சித்திகள் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள். உத்தர கன்னட மாவட்டத்தில் ஹளியாள், எல்லாப்பூர், முண்டகோடு, ஜோயிடா, அங்கோலா, சிர்சி தாலுகாக்களின் காட்டோரங்களில் வாழ்கிறார்கள். பெலகாவி, தார்வாட் மாவட்டங்களிலும் கொஞ்சம் பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கில் கர்நாடகத்துச் சித்திகள் சுமார் பத்தாயிரம். இவர்களில் இந்துக்களும் உண்டு, கிறிஸ்தவர்களும் உண்டு, முஸ்லிம்களும் உண்டு. பேசுவது கொங்கணியும் கன்னடமும் மராட்டியும் உருதுவும் கலந்த ஒரு மொழி. கவுன்டரில் வந்து நிற்கும் அம்மாளின் முகத்தைப் பார்த்துவிட்டு நான் ஆங்கிலத்தில் பேச ஆரம்பித்ததும், அவர் சுத்தமான வடகர்நாடகக் கன்னடத்தில் "சாஹேப்ரே, பாஸ்புக்குல என்ட்ரி போட்டுக் கொடுங்க" என்று சொன்னதும், நான் அசடு வழிந்ததும் இன்னும் நினைவிருக்கிறது.

எப்படி வந்தார்கள்? ஒரே வழியில் அல்ல. 'சித்தி' என்ற பெயர் அரபு மொழியின் 'சய்யித்', அதாவது எஜமானர், தலைவர் என்ற சொல்லோடு சேர்ந்தது. அடிமைச் சந்தையில் விற்கப்பட்டவர்களுக்கு இந்தப் பெயர் வந்து சேர்ந்தது விசித்திரம்தான். அபிசீனியாவிலிருந்து வந்தவர்கள் என்பதால் 'ஹப்ஷி' என்றும் அழைத்தார்கள். தக்காணத்துச் சுல்தான்கள் இவர்களைப் படைக்கு வாங்கினார்கள். அப்படி வந்தவர்தான் மாலிக் அம்பர். எத்தியோப்பியாவில் சுமார் 1548ல் பிறந்து, கைமாறி கைமாறி விற்கப்பட்டு, கடைசியில் அகமத்நகர் அரசையே தாங்கிப் பிடித்து, முகலாயர்களை வருஷக்கணக்கில் தண்ணி காட்டியவர். பின்னாளில் அவுரங்காபாத் ஆன கட்கி நகரத்தை உண்டாக்கியவரும் அவரே. 1626ல் இறந்தார். மும்பைக்குத் தெற்கே ஜஞ்ஜிரா கோட்டையை ஆண்ட சித்தி நவாப்கள் 1948 வரை இருந்தார்கள். இது பள்ளிப் புத்தகத்தில் ஓரளவு வரும் பக்கம்.

வராத பக்கம் கோவா. 1510ல் போர்த்துகீசியர் கோவாவைப் பிடித்த பிறகு, மொசாம்பிக் கரையிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்களை இறக்கினார்கள். வீட்டு வேலை, பல்லக்குத் தூக்குவது, துறைமுகம், படை என்று எல்லாவற்றுக்கும். தப்பித்தவர்கள் கிழக்கே மலையேறினார்கள். விடுவிக்கப்பட்டவர்களும் அதே வழியில் வந்தார்கள். மலைக்கு இந்தப் பக்கம் காடு அடர்த்தி, எந்த அரசின் கையும் சுலபமாக எட்டாது. இன்றைய உத்தர கன்னடத்துச் சித்திகளில் பெரும்பகுதி அந்த வழியில் வந்தவர்களின் பேரப் பிள்ளைகள். காட்டில் தேன் எடுத்தார்கள், பாக்குத் தோட்டங்களில் கூலிக்கு நின்றார்கள். 2003ல் உத்தர கன்னடத்துச் சித்திகள் பட்டியல் பழங்குடியில் சேர்க்கப்பட்டார்கள். மாவட்ட எல்லைக்கு அப்பால் அதே குடும்பத்தின் அண்ணன் தம்பிகளுக்கு, பெலகாவி, தார்வாட்காரர்களுக்கு, அந்தச் சட்டத்திருத்தம் வர 2020 ஆயிற்று. ஒரு மாவட்டக் கோடு பதினேழு வருஷம். சாதிச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்புகிற நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் இது எனக்குக் கொஞ்சம் உறுத்தும்.

தமிழிலும் இவர்களுக்கு ஒரு சொல் இருக்கிறது: காப்பிரி. அரபு 'காஃபிர்' போர்த்துகீசியர் வாய் வழியாக வந்து நம்மிடம் இப்படி ஆயிற்று. கொச்சிக் கோட்டைப் பகுதியில் காப்பிரி முத்தப்பன் என்று ஒரு சாமியே இருக்கிறார். டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்தபோது, தப்பியோடிய போர்த்துகீசியர்கள் புதையலோடு சேர்த்துப் புதைத்துவிட்டுப் போன ஆப்பிரிக்க அடிமையின் ஆவி என்பது அங்கே வழங்கும் கதை. படையல் கள்ளும் சுருட்டும். கொன்றவர்கள் போய்விட்டார்கள், சுருட்டு கொடுப்பது நாம்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன்.

ஒரு பெண்கள் சுய உதவிக் குழுவின் கடனுக்காகக் கிராமத்துக்குப் போயிருந்தேன். கையெழுத்து எல்லாம் வாங்கி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. அன்று ஊரில் ஒரு கல்யாண வீடு. கிளம்ப விடவில்லை. இருட்டியதும் முற்றத்தில் ஒரு பெரியவர் மத்தளத்தோடு வந்து உட்கார்ந்தார். மரக்கட்டையில் இருபுறமும் தோல் கட்டிய நீளமான மத்தளம். அதற்குப் பெயர் தமாம். அதை வைத்துப் பாடி ஆடுவது தமாமி. ஒருவர் அடி எடுத்துக் கொடுக்கிறார், மற்றவர்கள் திருப்பிச் சொல்கிறார்கள், பெண்கள் எழுந்து வருகிறார்கள். ஆரம்பத்தில் ஒன்றும் பெரிதாக இல்லை, நம்மூர்க் கும்மி மாதிரிதான் என்று நினைத்தேன். அரை மணி நேரத்தில் அந்த நினைப்பு போய்விட்டது. மத்தளத்தின் இடது பக்கம் ஒரு கணக்கு, வலது பக்கம் வேறு கணக்கு. பாட்டு மூன்றாவதாக ஒன்று. ஆடுகிறவர்களின் கால் இவை எதிலும் நேராக விழாமல் இடுக்கில் விழுகிறது. தோள் ஒன்றைச் சொல்ல இடுப்பு இன்னொன்றைச் சொல்கிறது. நாலு நாலாக எண்ணிப் பழகிய என் காமர்ஸ் மூளை பின்தொடர முடியாமல் நின்றுவிட்டது.

பாட்டின் சொற்கள் ஆப்பிரிக்க மொழியில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கொங்கணி, கன்னடம், மராட்டிதான். வீட்டுக் கதை, காட்டு மிருகம், குலதெய்வம், கேலி. பெண்கள் ஆடும் புகடி என்ற இன்னொரு ஆட்டம் கோவா, மகாராஷ்டிரக் கொங்கணப் பெண்களுக்கும் பொது. நானூறு வருஷத்தில் வார்த்தைகள் கரைந்து போயிருக்கின்றன, அக்கம்பக்கத்து ஆட்டங்கள் உள்ளே வந்திருக்கின்றன. மிஞ்சி நிற்பது தாளத்தை அடுக்கும் விதமும், அழைப்பும் பதிலுமாகப் பாடும் விதமும்.

அன்று இன்னொன்றும் பார்த்தேன், அப்போது அதன் முக்கியத்துவம் எனக்குப் புரியவில்லை. வரிசையின் கடைசியில் ஒன்பது பத்து வயதுப் பெண் ஒருத்தி ஆடிக்கொண்டிருந்தாள். அடி தப்புகிறது. ஒரு அஜ்ஜி, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், பாட்டை நிறுத்தாமல் அவள் பக்கத்தில் நகர்ந்து வந்தார். குழந்தையின் தோளை உள்ளங்கையால் கீழே அழுத்தினார். தன் வலது குதிகாலை மட்டும் நாலைந்து தடவை தரையில் வைத்து வைத்துக் காட்டினார். பேச்சே இல்லை. பெண் அதைப் பார்த்தாள், சரியாக விழும்வரை அஜ்ஜி பக்கத்திலேயே ஆடினார், பிறகு பழைய இடத்துக்குப் போய்விட்டார். மொத்தமே ரெண்டு நிமிஷம்.

திரும்பும்போது ஜீப்பில் என்னோடு வந்த சக அலுவலர் சொன்னார்: "அதெல்லாம் அவங்க ரத்தத்திலேயே ஊறினது சார்." நானும் ஆமாம் என்று தலையாட்டினேன். ரத்தத்தில் ஊறியிருந்தால் அந்த அஜ்ஜிக்கு அங்கே என்ன வேலை என்று எனக்குத் தோன்றவே இல்லை. மறுநாள் குழு உறுப்பினர்களின் படிவத்தில் தொழில் என்ற கட்டத்தில் எல்லோருக்கும் 'விவசாயக் கூலி' என்று எழுதினேன். அஜ்ஜிக்கும் அதேதான். வருமானம் ஈட்டும் தொழில்கள் பட்டியலில் கறவை மாடு, ஆடு, தையல், அப்பளம் இருந்தன. நடனம் கற்பிப்பது இல்லை.

இந்த 'ரத்தம்' என்ற வாதத்துக்கு அரசாங்க முத்திரையும் உண்டு. 1987ல் இந்திய விளையாட்டு ஆணையம் ஒரு சிறப்புத் திட்டம் கொண்டுவந்தது. அப்போது மார்கரெட் ஆல்வா விளையாட்டுத் துறை அமைச்சர். ஆப்பிரிக்க வம்சாவளி என்றால் ஓடுவார்கள், தாண்டுவார்கள், ஒலிம்பிக்கில் பதக்கம் கொண்டுவருவார்கள் என்பது எதிர்பார்ப்பு. காட்டுக் கிராமங்களிலிருந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து விடுதிகளில் வைத்துப் பயிற்சி கொடுத்தார்கள், பெங்களூரிலும்தான். சிலர் தேசிய அளவில் ஜெயித்தார்கள், சிலருக்கு ரயில்வேயிலும் போலீஸிலும் வேலை கிடைத்தது. 1993ல் திட்டம் நிறுத்தப்பட்டது. பாதியில் வீடு திரும்பிய பிள்ளைகள் அப்பா செய்த கூலி வேலைக்கே போனார்கள். உடம்பைப் பார்த்தார்கள், அதற்கு வேண்டிய பத்து இருபது வருஷப் பொறுமையை யாரும் பட்ஜெட்டில் போடவில்லை.

வேறு விதமாகப் பார்த்தவர்களும் இருந்தார்கள். சாகருக்குப் பக்கத்தில் ஹெக்கோடு என்ற சின்ன ஊரில் கே.வி. சுப்பண்ணாவின் நீனாசம் நாடக அமைப்பு இருக்கிறது (1991ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது). 1980களில் சிதம்பரராவ் ஜம்பே என்ற நீனாசம் இயக்குநர், நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபியின் 'சிதைவுகள்' நாவலைக் கன்னட நாடகமாக்கிச் சித்திகளை நடிக்க வைத்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர் அதில் இருந்தார்கள். அவர்களது மத்தளமும் பாட்டும் அடவும் நாடகத்துக்குள் வந்தன. நீனாசத்தில் படித்துவிட்டு வந்த பிரசாந்த் சித்தியை இன்று கன்னட சினிமா பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். என் பெண்ணுக்கும் தெரியும். அவர் சித்தி என்பது மட்டும்தான் தெரியாது.

கர்நாடகத்துக்கு வெளியே பெரிய கூட்டம் குஜராத்தில். பரூச் மாவட்டம் ரத்தன்பூர் குன்றில் பாவா கோர் என்ற ஆப்பிரிக்கப் பெரியவரின் தர்கா இருக்கிறது. அகேட் என்னும் மணிக்கல் வியாபாரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் அது. அவர் தங்கை மாய் மிஸ்ராவுக்கும் அங்கே சமாதி உண்டு. அங்குள்ள சித்திகளின் ஆட்டத்துக்குத் தமால் என்றும் கோமா என்றும் பெயர். கிழக்கு ஆப்பிரிக்காவின் பாண்டு மொழிகளில் 'ங்கோமா' என்றால் மத்தளம், ஆட்டம், விழா எல்லாம்தான். பாட்டின் வார்த்தைகள் அங்கேயும் கரைந்துவிட்டன, இந்த ஒரு சொல் கடல் தாண்டித் தங்கிவிட்டது. அவர்களிடம் மலுங்கா என்று ஒரு வில் வாத்தியம் உண்டு. ஒற்றைக் கம்பி, வில்லில் சுரைக்குடுக்கை கட்டி, குச்சியால் தட்டுவது. பிரேசில் நாட்டின் பெரிம்பாவை வீடியோவில் பார்த்தவர்கள் இதைப் பார்த்தால் திகைத்துப் போவார்கள். ஒரே கண்டத்திலிருந்து ஒன்று மேற்கே போயிருக்கிறது, ஒன்று கிழக்கே வந்திருக்கிறது.

பெரிம்பாவைச் சொன்ன பிறகு மெஸ்ட்ரே பிம்பாவைச் சொல்லாமல் விட முடியாது. பிரேசிலில் அடிமைகளின் பிள்ளைகள் வளர்த்த கப்போயிரா, பாதி ஆட்டம் பாதி சண்டை. 1890 தண்டனைச் சட்டத்தில் அது குற்றம். சல்வடோர் நகரத்தில் துறைமுகக் கூலி, தச்சு என்று கிடைத்த வேலை செய்துகொண்டிருந்த பிம்பா, 1932ல் அதற்கு ஒரு பள்ளி தொடங்கினார். பாடங்களை வரிசைப்படுத்தினார். இன்ன அடிக்கு இன்ன பதில் என்று ஜோடி ஜோடியாகக் கட்டினார். பட்டமளிப்பு வைத்துப் பட்டுத் துண்டு கட்டினார். 1937ல் அரசுச் சான்றிதழ் வந்தது. மருத்துவக் கல்லூரி மாணவர்கள், வெள்ளைக்கார வீட்டுப் பிள்ளைகள், ஒரு கறுப்புத் தொழிலாளியிடம் கட்டணம் கட்டிப் படித்தார்கள். 1953ல் நாட்டின் அதிபர் வர்காஸ் முன்னால் ஆடிக் காட்டினார். 'ரத்தத்தில் இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டிருந்த ஒன்றை 'என்னிடம் வந்து படி' என்று மாற்றியவர் அவர். கடைசிக் காலம் நன்றாக இல்லை. அரசு உதவவில்லை என்ற மனக்கசப்போடு ஊரைவிட்டு கோயானியா போய், 1974ல் வறுமையில் இறந்தார். பாஹியா பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது 1996ல், இறந்து இருபத்திரண்டு வருஷம் கழித்து. 2014ல் யுனெஸ்கோ பட்டியலிலும் கப்போயிரா ஏறியது.

இலங்கைத் தமிழர்களுக்கு இதெல்லாம் தொலைதூரச் சங்கதி இல்லை. புத்தளத்துக்குப் பக்கத்தில் சிரம்பியடியில் ஆப்பிரிக்க வம்சாவளிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் உண்டு. பிரிட்டிஷ் படைப்பிரிவில் சிப்பாய்களாக இருந்தவர்களின் சந்ததி. அவர்கள் பாடி ஆடுவது மஞ்சா. வாத்தியம் ரபான், பாட்டில், கரண்டி, தேங்காய்ச் சிரட்டை என்று கையில் கிடைத்ததெல்லாம். சொற்கள் போர்த்துகீசியக் கலப்பு மொழி. இந்த ஆட்டமும் போர்த்துகீசியப் பாட்டும் கலந்த கஃப்ரிஞ்ஞாவிலிருந்துதான் பைலா கிளைத்தது. வாலி பாஸ்டியன் என்ற போலீஸ்காரர் அதை மேடைக்குக் கொண்டுவந்தார். ஏ.ஈ. மனோகரன், நம் சிலோன் மனோகர், 'சுராங்கனி'யைத் தமிழர் கல்யாண வீடுகளுக்கெல்லாம் கொண்டு வந்தார் (2018ல் சென்னையில் காலமானார்). 1977ல் இளையராஜாவும் ஒரு படத்தில் அதைப் போட்டார். என் தாய்மாமா கல்யாணத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அதற்கு ஆடாத ஆள் கிடையாது. அந்தத் தாளம் யாருடையது என்று அன்று யாராவது கேட்டிருந்தால் 'சிங்களப் பாட்டு' என்றிருப்போம்.

கற்றுக்கொடுப்பவர் காணாமல் போவது நமக்கும் தெரிந்த கதைதான். சதிர் பரதநாட்டியமாக மாறி, 1935ல் ருக்மிணி தேவி மேடையேறியபோது, சொல்லிக்கொடுத்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பெங்களூர்க்காரரான ராம் கோபாலும் அவரிடம் படித்தவர்தான். பிள்ளை பெயராவது எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. ஆடியும் பாடியும் அந்த வித்தையைக் காப்பாற்றிய தேவதாசிக் குடும்பத்துப் பெண்களில் எத்தனை பேரை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியும்? பறையையும் 'அவங்க ரத்தத்தில் இருக்கு' என்றுதான் எங்கள் ஊரில் சொல்வார்கள். அடிக்கக் கற்றுக்கொடுத்த அப்பனைப் பற்றிப் பேச்சிருக்காது. இன்று நகரத்துப் பையன்கள் பயிற்சிப் பட்டறையில் பணம் கட்டிப் பறை படிக்கிறார்கள். நல்லதுதான். சொல்லிக்கொடுக்கிறவர் யார் என்று மட்டும் நான் பார்ப்பேன்.

பெங்களூரில் நான் தமாமியை மறுபடி பார்த்தது மூன்று வருஷம் முன்னால், ஒரு கலாசார விழாவில். குடும்பத்தோடு போயிருந்தோம். எல்லாப்பூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குழு. மேடை ஏறியதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இடுப்பில் இலைதழை, முகத்தில் வெள்ளைப் பொட்டு பொட்டாகச் சாயம், கையில் ஈட்டி. அறிவிப்பாளர் "ஆப்பிரிக்கக் காடுகளிலிருந்து" என்றே ஆரம்பித்தார். ஹளியாளில் அன்று புடவையும் வேட்டியும் சட்டையும்தான் பார்த்தேன். பத்து நிமிஷம் கொடுத்திருந்தார்கள். தமாமி சூடு பிடிக்கவே அரை மணி ஆகும். எட்டாவது நிமிஷத்தில் அடுத்த குழு மேடை ஓரத்தில் வந்து நின்றுவிட்டது.

முடிந்ததும் பின்பக்கம் போனேன். முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பெண்மணிக்கு நாற்பது வயது இருக்கும். ஹளியாளில் வேலை பார்த்தேன் என்றதும் சிரித்துவிட்டார். "இந்த இலையெல்லாம் யாரம்மா கட்டச் சொன்னது?" என்று கேட்டேன்.

"ஏற்பாட்டாளர்கள்தான் சாஹேப்ரே. புடவையில வந்தா ஒரிஜினல் இல்லைங்கறாங்க. நான் பி.ஏ. படிச்சவ, அங்கன்வாடியில வேலை. எங்க அஜ்ஜி இலை கட்டி நான் பார்த்ததே இல்லை."

"ஆட்டம் யார்கிட்ட படிச்சீங்க?"

இந்தக் கேள்விக்கு அவர் முகம் மாறியது. ஒரு நிமிஷம் யோசித்தார். "இதுவரை யாரும் கேட்டதில்லை" என்றுவிட்டு விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். அம்மாவின் அம்மா தோளையும் முதுகையும் சொல்லிக்கொடுத்தது. அத்தை ஒருத்தி பாட்டு. பக்கத்து ஊர்த் தாத்தா ஒருவரிடம் மத்தளம், பெண்ணுக்கு எதற்கு என்று முதலில் மறுத்தவராம், தொடர்ந்து நாலு வருஷம் போய் நின்றபிறகு கொடுத்தாராம். ஒவ்வொரு பெயராகச் சொன்னார். எல்லாம் இறந்தவர்கள். ஊரில் இப்போது மத்தளம் கட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், பிள்ளைகள் ஹுப்பள்ளி, கோவா, பெங்களூர் என்று வேலைக்குப் போய்விடுகிறார்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கன்வாடியிலேயே ஏழெட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாராம். சம்பளம்? சிரித்தார்.

என் பெண் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆடுவியா?" என்றார். ஹிப்ஹாப் என்றாள். "அது எங்க சித்தப்பா பிள்ளைங்க ஆட்டம்தானே" என்று சொல்லிவிட்டு எழுந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த பையன் மத்தளத்தில் மெதுவாக ஆரம்பித்தான். பெண் எடுத்த எடுப்பில் ஹிப்ஹாப் மாதிரி துள்ளினாள். அந்த அம்மாள் நிறுத்தவில்லை, எண்ணவில்லை. பக்கத்தில் வந்து, அவள் தோளில் உள்ளங்கையை வைத்துக் கீழே அழுத்தினார். பிறகு தன் வலது குதிகாலைத் தரையில் வைத்து வைத்துக் காட்டினார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஹளியாளில் ஜீப்பில் தலையாட்டிய நான் அங்கே மறுபடி நிற்கிற மாதிரி இருந்தது.

அன்றிலிருந்து அந்த அம்மாளோடு போன் தொடர்பு இருக்கிறது. போன கோடை விடுமுறையில் எங்கள் குடியிருப்பில் நாலு நாள் வகுப்பு நடத்தலாம் என்று சங்கக் கூட்டத்தில் கேட்டேன். செயலாளர், "ஷோ வைக்கலாம் சார், கிளாஸ்னா டீச்சருக்கு டிப்ளமா ஏதாவது இருக்கா?" என்றார். பிம்பா கதையைச் சொன்னேன். எடுபடவில்லை. கடைசியில் எட்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து, ஹிப்ஹாப் வகுப்புக்குக் கொடுக்கும் அதே கட்டணம் போட்டு, எங்கள் மொட்டை மாடியில் நடத்தினோம். அவர் புடவையில் வந்தார். ஹுப்பள்ளி பஸ்ஸில் கண்டக்டர் மத்தளத்துக்கும் லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டாராம், அதையும் கணக்கில் சேர்த்துக் கொடுத்தோம். எட்டுக் குழந்தைகளில் மூன்று பேருக்குத்தான் கொஞ்சம் வந்தது. மூன்று பேருக்கும் நாலு நாள் முடிவில் தோள் இறங்கியது, கால் இன்னும் இறங்கவில்லை.

பெண் இப்போதும் ராத்திரி ஹாலில் பழகுகிறாள். கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை இன்டர்காமில் கூப்பிட்டாயிற்று. ஆடுவதை வீடியோ எடுத்து அந்த அம்மாளுக்கு அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது, நாற்பது விநாடிக் குரல் பதிவு. பின்னால் குழந்தைகள் சத்தம், மத்தளம். கடைசியில் கன்னடத்தில், "குதிகால் முதல்ல, விரல் அப்புறம். அவசரப்படாதே மகளே, ஹோலிக்கு ஊருக்கு வா."